பூசத்துக்கு நடந்த காலோடு சேதுவுக்கு

வியாழன்: உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துவிட்டு வந்த கொப்புளம் காயக்கூட இல்லை, ராமர் இலங்கைக்கு அணை கட்டிய சேதுவுக்கு, ராமேஸ்வரம்வரை அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டோம். யோசனை சின்னம்மாவுடையது. "கால் பழகிக் கெடக்கிறப்பவே சேதுவையும் நடந்துறணும்டி. அடுத்த வருசம் யாரு கண்டா?" என்றார். சிவராத்திரிக் கூட்டம் சேருவதற்கு முன்னால் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தால்தான் நிதானமாகத் தீர்த்தம் ஆடலாம் என்பது கண்டக்டர் அண்ணன் சொன்ன கணக்கு. அண்ணன் தொண்டி - ராமநாதபுரம் தடத்தில் டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவர். எந்த மைல்கல்லுக்கு எதிரே எந்த டீக்கடை என்பதுவரை சொல்லுவார். இவர்களோடு எழுபதைத் தாண்டிய எங்கள் தெரு ஆச்சி, அப்புறம் அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி. அதை ஓட்டி வருகிறவன் அண்ணனின் தங்கை மகன், துபாயில் சில வருடம் இருந்துவிட்டு வந்த பையன்.

தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து விடியுமுன் உப்பூரில் இறங்கினோம். சேதுவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உப்பூர் பிள்ளையார், பிறகு தேவிபட்டினத்து நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, அதற்குப் பின் பாலம் தாண்டித் தீவு. ராமர் இலங்கைக்குப் போன வழி இதுதான் என்று சொல்வார்கள். இன்றைக்கு ராமேஸ்வரத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரே பகலில் வேனில் இதையெல்லாம் தலைகீழாகப் பார்த்து முடிக்கிறவர்கள்தான் அதிகம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஏன் ஒரு குளமோ கிணறோ தீர்த்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறது என்பது வேனுக்குள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

உப்பூரில் இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். கருவறைக்கு மேலே கூரை கிடையாது, பிள்ளையார் வெயிலில்தான் இருக்கிறார். நாங்கள் போனபோது பனி கலையாத இருட்டு. ஆச்சி மட்டும் "வெயில் வரட்டும், அவுகளுக்குப் பிடிச்ச நேரத்துல பாத்துட்டுப் போவோம்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். வெயில் பிள்ளையாரின் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். கிளம்ப நேரமானதில் அண்ணனுக்கு லேசான கடுப்பு.

பழனிப் பாதைக்கும் இந்தப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே உறைத்தது. பூசத்துக்கு நடந்தால் கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தல் இருக்கும். மோர், சுக்குக் காப்பி, காலுக்குத் தைலம், வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் உப்பளமும் களர் நிலமும், மறுபக்கம் சீமைக்கருவேலும் பனையும். நெல் அறுத்த வயலில் ஆடு மேய்கிறது. சில இடங்களில் முதல் பறிப்புக் குண்டு மிளகாயைச் சாலை ஓரத்திலேயே பரப்பிக் காயவைத்திருந்தார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். கடந்து போகும்போதே ஆச்சிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

திருப்பாலைக்குடிக்கு முன்னால் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருந்த ஒரு அம்மா எங்கள் மஞ்சள் சேலையைப் பார்த்துவிட்டு நின்றார். "எங்கிட்டு ஆத்தா போறீக? பழனி அங்கிட்டுல்ல இருக்கு!" ராமேஸ்வரம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸு இருக்கே" என்று மறுபடி மறுபடி சொன்னார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். "லாரித் தண்ணிதான், நல்லாருக்கும் குடிங்க" என்றார். காசு கொடுத்து வாங்கி, குடத்தில் மூடி வைத்திருக்கும் தண்ணீர் அது.

கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரக் கிளையில் மூங்கில் காவடி ஒன்று தொங்கியது, இரண்டு பக்கமும் துணி சுற்றிய பித்தளைச் செம்பு. கீழே ஒரு கிழவர் படுத்திருந்தார். குட்டியானைப் பையன் இந்தியில் பேச்சுக் கொடுத்தான். அவன் பேசியது துபாய் இந்தி. பெரியவருக்கு அதில் பாதி சிரிப்பாகவும் பாதி புரிந்ததாகவும் இருந்தது. காசிப் பக்கத்து ஊர்க்காரர். கார்த்திகைப் பௌர்ணமி கழிந்து கங்கைத் தண்ணீரோடு நடக்கத் தொடங்கியிருக்கிறார். செம்பு தரையில் படக்கூடாது, அதனால்தான் மரக்கிளை. பல வருடம் முன்பு ராமேஸ்வரம் வந்து சேதுக் கரையில் மணல் எடுத்துப்போய்ப் பிரயாகையில் சங்கமத்தில் கரைத்தாராம். அந்த மணலுக்குப் பதிலாக கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். போனது ரயிலில், வருவது காலில். ஏன் இவ்வளவு காலம் கழித்து என்று கேட்டோம். "பேத்தி கல்யாணம் முடியட்டும்னு இருந்தாராம்" என்று பையன் மொழிபெயர்த்தான். சின்னம்மா அதை மிகச் சரியான காரணம் என்று ஏற்றுக்கொண்டார்.

அவர் வந்தது தஞ்சாவூர், ஒரத்தநாடு வழி. ஒரத்தநாட்டில் ராஜா கட்டிய பெரிய சத்திரம் பார்த்ததாகக் கையை விரித்துக் காட்டினார். முத்தாம்பாள் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகக் கட்டிய சத்திரங்களில் ஒன்று. வடக்கிலிருந்து நடந்து வருகிறவனுக்குச் சோறும் திண்ணையும் கொடுக்க இந்தச் சாலை நெடுகச் சத்திரங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது பெரியவர் பெட்ரோல் பங்க்கில் படுக்கிறார். பங்க்குக்காரர்கள் நல்ல மாதிரி என்றார்.

மாலையில் தேவிபட்டினம். இந்தப் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது, ஏரி மாதிரிக் கிடக்கிறது. கரையிலிருந்து நீளும் நடைமேடையில் போனால் கடலுக்குள் ஒன்பது கல், அதுதான் நவபாஷாணம். ராமர் மணலில் பிடித்து வைத்த நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். நீர் ஏறியிருந்ததால் சில கல் தலையை மட்டும் காட்டின. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நவதானியத்தைத் தூவிச் சுற்ற வேண்டும். காலடியில் சேறும், கரைந்துபோன எத்தனையோ பேரின் தானியமும். சனிக்கு எந்தக் கல் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, எல்லாருக்கும் சனிதான் வேண்டியிருந்தது. குளித்தெழுந்ததும் உடம்பெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் ஒரு வாளி விலைக்கு வாங்கித்தான் கழுவினோம்.

வெள்ளி: ராமநாதபுரம்

15 கிலோமீட்டர். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இடது குதிகாலில் பழைய கொப்புளம் திரும்ப எழும்பியது, ஆச்சி ஊசியில் நூல் கோத்துக் குத்திவிட்டார். வழியில் ஓரிடத்தில் புத்தம்புதுக் கழிப்பறை, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். பெண்கள் நடக்கும் யாத்திரையில் இதுதான் பெரிய பாடு. கருவேலங்காடு இருக்கிறதே என்று ஆண்கள் சொல்லலாம். முள்ளைப் பற்றி அவர்களுக்கென்ன!

மதியத்துக்குமேல் ஊருக்குள் அரண்மனைப் பக்கம் போனோம். ராமலிங்க விலாசத்தின் சுவர் ஓவியங்களை நின்று பார்க்க ஒரு நாள் வேண்டும், எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. சேதுபதிகளுக்குச் சேது காவலர் என்று பட்டம். யாத்திரிகர்களைப் பத்திரமாகத் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ராமேஸ்வரம் கோயிலின் பிரகாரங்களும் பெரும்பாலும் அவர்கள் கட்டிக்கொடுத்ததுதான். லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதிக்கும் போய் விழுந்து கும்பிட்டோம். திருச்சியில் உத்தியோகம் பார்த்தவர் கடைசியில் வந்து அடங்கியது இந்த ஊரில்.

ராத்திரி தங்கிய வீட்டு அம்மாளிடம் சின்னம்மா ஊருணி, கண்மாய் நிலவரம் விசாரித்தார். இந்தச் சீமையில் ஊர் நலம் விசாரிப்பது அப்படித்தான். மழை உண்டா, கண்மாய் பெருகிச்சா, பிறகுதான் பிள்ளைகுட்டி. இந்த வருடம் பரவாயில்லையாம்.

சனி: திருப்புல்லாணி, சேதுக்கரை

விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறுமுன் திருப்புல்லாணி. ஆதி ஜெகந்நாதப் பெருமாள். நூற்றெட்டுத் திவ்வியதேசத்தில் ஒன்று, திருமங்கையாழ்வார் இரண்டு பதிகம் பாடிய தலம். எனக்கு இங்கே பிடித்தது தர்ப்பசயன ராமர். கடலே வழிவிடு என்று கேட்டு, மூன்று நாள் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடந்தவர். நம் ஊர்க் கோயில்களில் படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்தால் அரவணை, தாமரை, காலடியில் லட்சுமி என்று ஒரு நிறைவு இருக்கும். இவர் அப்படியில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் புல்லில் கிடக்கும் மனிதர். கடல் மூன்று நாளும் மறுமொழி சொல்லவில்லை. நாலாவதாகத்தான் வில்லை எடுத்தார். அண்ணன் அந்தச் சன்னிதியில் ரொம்ப நேரம் நின்றார். அண்ணி போய் இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அரசமரத்தடியில் நாகர் சிலைகள் வரிசை வரிசையாக. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் நாகப் பிரதிஷ்டை செய்து, பால் பாயசம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தசரதன் பாயசத்தின் தொடர்ச்சி என்று நம்பிக்கை. மரத்தடியில் ஒரு புதுக்கோட்டைத் தம்பதி. ராமநாதபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள், செருப்பில்லாமல். அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நடந்து வந்தா பலன் கூடவா?" அவள் மாமியார்தான் நடந்து போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். ஆச்சி முந்திக்கொண்டார். "நடந்தா நல்லாப் பசிக்கும். பாயசம் இன்னொரு தொன்னை வாங்கிக் குடி. உங்க மாமியாளை அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வா, அவுகளும் நடக்கட்டும்." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனும் சிரித்தான், கொஞ்சம் பயந்துகொண்டே.

சேதுக்கரை அங்கிருந்து 4 கிலோமீட்டர். ஆஞ்சநேயர் கடலைப் பார்த்து நிற்கிறார். அமாவாசை இல்லாததால் கூட்டமில்லை, நாலைந்து குடும்பங்கள் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. தேவிபட்டினத்தில் பார்த்தது வடகடல், இது தென்கடல். ஆட்கள் பெண் கடல், ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டு நாள் நடையில் கடலின் சுபாவமே மாறிவிடுகிறது. இங்கே அலை காலை வாரியது, சின்னம்மா என் கையை விடவேயில்லை.

திரும்பும் வழியில் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு வேன் நின்றது. ஏர்வாடி தர்காவுக்குப் போகும் குடும்பம், மேலூர்ப் பக்கம். மனசு சரியில்லாத ஒரு தம்பியை நடுவில் உட்காரவைத்து, சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தார் ஒரு உம்மா. எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் வாழையிலை கிழித்துத் தக்காளிச் சோறு வைத்தார்கள். "கறி இல்லம்மா, சாப்பிடலாம்" என்றார் அந்த பாய், நாங்கள் தயங்குமுன்னே. தம்பிக்கு நிறைய டாக்டர் பார்த்தாயிற்று, மாத்திரையும் நிற்காமல் கொடுக்கிறார்களாம். "மாத்திரையும் கொடுக்கிறோம், அவுலியாகிட்டயும் சொல்லிவைக்கிறோம்." சின்னம்மா எந்தச் சாமிப் பிரசாதம் என்று பார்க்காமல், மடியில் முடிந்திருந்த திருப்புல்லாணிப் பிரசாதச் சர்க்கரைத் துண்டை அந்தப் பையன் கையில் வைத்தார். அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு: களிமண்குண்டு, பெரியபட்டினம், உச்சிப்புளி

இன்றைக்குத்தான் நடையிலேயே நல்ல நடை. பெரிய சாலையை விட்டுக் கடலோர ஊர்கள் வழியே போனோம். லாரி இல்லை, ஹாரன் இல்லை. பனந்தோப்பு, தென்னந்தோப்பு, இடையில் மீன் காயும் நாற்றம். விரதத்தில் மீன் தொடாத அண்ணனுக்கு இது பெரிய சோதனை. எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று மூக்காலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

களிமண்குண்டுப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை நிழலில் பெண்கள் பாசியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் மூழ்கி எடுக்கும் பாசி. மரிக்கொழுந்து என்று இவர்கள் சொல்வது, ஜெல்லி மாதிரி உறையவைக்கும் அகர் எடுக்கக் கம்பெனிக்குப் போகிறது. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெட்டு. பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டும், அதனால் விரலுக்குத் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்குகிறார்கள். தினமும் போகமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்கள்தான். மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று இவர்களே போட்டுக்கொண்ட கட்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. தீவு ஓரம் போனால் பிடிப்பார்கள். "எங்க ஆத்தா காலத்துல தீவுலயே தங்கிப் பாசி எடுத்தாக. இப்ப நாங்க திருடிக மாதிரி போறோம்" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது.

அமாவாசைக்கு நாங்கள் ராமேஸ்வரத்தில் முங்குவோம், அவர்கள் இங்கே முங்குவார்கள் என்று சின்னம்மா சொன்னார். "நீங்க மூணு முங்கு, நாங்க விடிஞ்சதுலருந்து பொழுது சாயுறவரைக்கும்" என்று அவர்கள் கொட்டகையே அதிரச் சிரித்தார்கள். பிறகு கிளம்பும்போது, வயதானவர் ஒருவர் ஓடிவந்து என் கையில் பத்து ரூபாய் திணித்தார். அங்கே உண்டியலில் போடணும். யார் பெயருக்கு என்று கேட்டேன். "பேரு எதுக்கு, போட்டுரு" என்றார்.

பெரியபட்டினம் பழைய துறைமுகம். சீனப் பீங்கான் ஓடுகள் இங்கே தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. இப்போது பார்த்தால் அமைதியான ஊர், பெரிய பள்ளிவாசல், கல்ஃப் பணத்தில் எழும்பிய வீடுகள். கடைத்தெருவில் ஒரு பாய் எங்களை நிறுத்தித் திண்ணையில் உட்காரவைத்து சர்பத் போட்டுக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. நேற்று ஒரு வடநாட்டுப் பெரியவரும் இதே திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். "செம்பை எங்க வீட்டு ஆணியிலதான் மாட்டிவச்சிருந்தேன்" என்றார். காசித் தாத்தா எங்களை முந்திவிட்டார்.

உச்சிப்புளிக்கு வந்து சேர இருட்டிவிட்டது.

திங்கள்: மண்டபம், பாலம்

மண்டபம் வரைக்கும் நேர்ச் சாலை, ஒதுங்க நிழல் இல்லை. கூடவே தண்டவாளம். மண்டபம் முகாமைக் கடக்கும்போது ஆச்சி நின்றார். அவர் அப்பச்சி கொழும்பில் கடை வைத்திருந்தவர், இந்த முகாமில் தங்கித்தான் கப்பலேறினாராம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களையும் இங்கேதான் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்பினார்கள். அங்கிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்கும் பிற்காலத்தில் இதே இடம்தான். சாலையிலிருந்து பார்த்தால் ஓட்டு வீட்டு வரிசையும் கொடியில் காயும் துணியும்தான் தெரியும்.

பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1988-ல் திறந்த சாலைப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். ஓரத்து நடைபாதையில் ஒரு ஆள்தான் போகலாம், எதிரே செல்ஃபி எடுக்கும் கூட்டம் வந்தால் நீங்கள்தான் சுவரோடு ஒட்ட வேண்டும். காற்று சேலையைப் பாய்மரமாக்கிவிடுகிறது. ஆச்சியை நடுவில் விட்டு முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டோம். கீழே பழைய ரயில் பாலம். 1914-ல் திறந்தது, 2022 டிசம்பருக்குப் பிறகு அதில் வண்டி ஓடவில்லை. பக்கத்திலேயே புதுப்பாலம், 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே நட்டுக்குத்தலாக மேலே போகும். நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ரயில் போனது. ஜன்னலில் இருந்த குழந்தைகள் கையசைத்தன, ஆச்சி இரண்டு கையையும் தூக்கிவிட்டார், எனக்குத்தான் பகீரென்றது.

பாலம் வருவதற்கு முன்னால் மண்டபம் தோணித்துறையிலிருந்து படகு. காற்று சரியில்லை என்றால் கரையிலேயே நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். பாம்பனில் தங்கினோம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய இடம், குந்துகால், இங்கிருந்து கிட்டத்தில். பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் பேசியது, ஏழையிடம் சிவனைப் பார்க்காமல் லிங்கத்தில் மட்டும் பார்ப்பது வெறும் தொடக்கநிலைப் பூசை என்று. பாசி எடுக்கும் பெண்ணின் பத்து ரூபாய் என் பையில் இருந்தது.

செவ்வாய்: தங்கச்சிமடம், வில்லூண்டி, ராமேஸ்வரம்

தங்கச்சிமடத்தில் வீட்டுக்கு வீடு மல்லிகை நாற்று. தமிழ்நாட்டில் எங்கே மல்லிகைத் தோட்டம் போட்டாலும் பதியன் இங்கிருந்து போயிருக்க வாய்ப்புண்டு. உப்புக் காற்று அடிக்கும் மணலில் மல்லிகை எப்படி? தோட்டக்காரர் ஒருவர் தரையைக் காலால் தட்டினார். "நாலு முழம் தோண்டுங்க, நல்ல தண்ணி." தீவு முழுக்கப் பவளப்பாறையும் மணலும். பெய்த மழை கீழே இறங்கி, கடல்நீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் வருடம் முழுக்க வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் அந்தக் கிணறு போனதுதான்.

வில்லூண்டி தீர்த்தத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். கடலுக்குள் சின்னப் பாலம், அதன் முனையில் ஒரு கிணறு, சுற்றிலும் உப்புக் கடல், கிணற்றில் நல்ல தண்ணீர். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றினார் என்கிறது தலபுராணம். உப்பூரிலிருந்து இதுவரை தண்ணீருக்குத் தவித்து வந்த வாய்க்கு அந்தக் கதை நம்பக் கஷ்டமாக இல்லை. இந்தக் கரையில் தாகம் எடுத்தவர்கள்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். தீர்த்தங்களின் பட்டியலும் என் கண்ணுக்கு, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முன்னால் நடந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போன அடையாளமாகத்தான் படுகிறது. சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுவும் புண்ணியந்தானே, வேறென்ன?" என்றார்.

சாயங்காலம் ராமேஸ்வரம். கோபுரம் தெரிந்ததும் ஆச்சி ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார், பின்னால் வந்த ஆட்டோ நின்று காத்திருந்தது.

புதன்: தனுஷ்கோடி

முதலில் தீர்த்தமா, தனுஷ்கோடியா என்று ராத்திரி ஒரு வாக்குவாதம். சேதுவில் கடலாடிவிட்டு வந்துதான் கோயில் தீர்த்தம், அதன்பிறகே சாமி என்று அண்ணன் உறுதியாக நின்றார். மடத்து ஐயர் ஒருவரும் ஆமோதித்தார். அரிச்சல்முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர், 2017-லிருந்து கடைசிவரை தார்ச்சாலை. வழியில் முகுந்தராயர் சத்திரம். இப்போது அது மீனவர் ஊர், இந்தப் பாதையில் சத்திரம் இருந்ததற்குப் பெயர் மட்டும் பாக்கி. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நின்றன.

பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் ஊரையும், ஊருக்கு வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரையும் கொண்டுபோனது. ரயிலில் இருந்த யாரும் மிஞ்சவில்லை. தேவாலயச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் நிற்கின்றன, சங்குமாலை விற்கும் கடைகள் அதைச் சுற்றி. ஒரு கடைக்கார அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். கடைக்குப் பின்னால் அழைத்துப்போனார். மணலில் கையளவு ஆழமுள்ள குழி, அடியில் தெளிந்த ஊற்று. அகப்பையில் மொண்டு கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல் ஐம்பது எட்டில் இருக்கிறது, தண்ணீர் இனிப்பாக இருந்தது. புயலுக்குப் பிறகும் இவர்கள் இங்கே இருக்க முடிவதே இந்த ஊற்றால்தான் என்றார்.

அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, இறங்க விடுவதில்லை. ஓரத்தில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். திரும்பி வர பஸ். அண்ணன் முதல் ஆளாக ஏறி, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழன்: தீர்த்தம்

அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத்தோடு கோயிலுக்குள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும் 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியை வீசி இழுத்துத் தலையில் ஊற்றுகிற வேகத்தில் மந்திரம் எல்லாம் மறந்துபோகும். ஒன்று குளிர்ச்சி, ஒன்று வெதுவெதுப்பு, சிலதில் லேசாகக் கரிப்பு, பத்தடி தள்ளி இன்னொன்றில் அதுவும் இல்லை. எனக்கு முன்னால் போன தெலுங்குக் குடும்பத்துக் குட்டிப் பையன் ஒவ்வொரு வாளிக்கும் அலறினான், அடுத்ததற்கு முதல் ஆளாக ஓடினான். ஆச்சிக்கு மட்டும் வாளிக்காரர்கள் மெதுவாக ஊற்றினார்கள்.

உடை மாற்றிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தில் வரிசையில் நிற்கும்போது காசித் தாத்தா. மூங்கிலைக் காணோம், செம்பு இரண்டையும் நெஞ்சோடு அணைத்திருந்தார். கங்கைத் தண்ணீர் கோயிலிலேயே விற்கிறார்கள், பலரும் அதைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள். இவர் செம்பின் வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தார். அர்ச்சகர் அதைச் சுரண்டித் திறக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. தண்ணீர் ராமநாதர் மேல் விழுந்து முடியும்வரை எங்கள் வரிசையில் அண்ணன்தான் ஓங்கி "சிவாய நம" சொல்லிக்கொண்டிருந்தார். நான் உண்டியலில் அந்தப் பத்து ரூபாயைப் போட்டேன்.

வெளியே வந்து எல்லாரும் ஒரே கடையில் காப்பி குடித்தோம். பனாரஸ் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், அடுத்த வண்டிக்கு நாள் இருக்கிறது என்று பையன் அவருக்கு விளக்கினான். பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு, கன்னியாகுமரி எவ்வளவு தூரம் என்று கேட்டார். அண்ணனுக்குக் கேட்கவா வேண்டும். "சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழி முந்நூறு வரும்." பெரியவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"வேணாம்னு சொல்லுடா அவருகிட்ட, வயசான காலத்துல" என்றார் ஆச்சி.

சின்னம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே பையனைப் பார்த்தார். "எப்பக் கெளம்புறாராம், கேளு."